படபடப்புக்கு மெடிக்கலில் மருந்து கேட்காதீர்கள்

தென்காசி வட்டாரத்தில் கோயில் கொடையும் மின்னொளிக் கபடியும் களைகட்டினால், மறுநாள் காலை ஜெர்சியோடு பையன்கள் என் அறை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். முட்டி வீக்கம், தோள் விலகல் என்றால் பார்த்து அனுப்பிவிடலாம். இப்போதெல்லாம் கதையே வேறு. “கை காலெல்லாம் உதறுச்சு சார். கூட்டாளி குடுத்த மாத்திரையப் போட்டேன். ரைடு போகையில தல சுத்திருச்சு.”

உதறல் நோயல்ல

நெஞ்சு அடித்துக்கொள்வதும் வயிற்றைக் கலக்குவதும் அட்ரினலின் செய்யும் வேலை. அந்த வேகம் இல்லாமல் யாராலும் பாடிப் போக முடியாது. அளவு மீறினால்தான் வினை: மூச்சு இரைத்துப் பாட்டு அறுந்துவிடும், கண் எதிரில் நிற்பவனை மட்டும் பார்க்கும், கார்னரில் நிற்பவன் தெரியமாட்டான். கபடிக்குத் தேவைப்படும் சூடு துப்பாக்கி சுடுதலுக்கும் கேரத்துக்கும் ஆகாது.

மெடிக்கல், டின், அருவி

‘உதறல் மாத்திரை’ என்று கைமாறுவது பெரும்பாலும் ப்ராப்ரனலால். இதயத் துடிப்பை அடக்கும் மருந்து அது. ஓடி ஆடுகிறவனுக்கு வேகம்தானே முதல்? சாரல் சீசனில் வீசிங் வரும் பையன் இதைப் போட்டால் மூச்சுக்குழாய் சுருங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜோங்-சு வென்ற இரண்டு பதக்கங்களும் இதே மருந்தால்தான் பறிபோயின.

இன்னொன்று அல்ப்ரசோலம். பயம் குறையும், உண்மைதான். கூடவே கால் தாமதிக்கும், பழக்கமும் பிடிக்கும். சீட்டில்லாமல் இதைக் கொடுக்கும் கடைக்காரரை என்ன சொல்ல!

எனர்ஜி டிரிங்க் தைரியம் தரும் என்பது அடுத்த கதை. ஏற்கெனவே படபடக்கும் நெஞ்சுக்கு மேலும் காஃபினா? குற்றாலத்தில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தால் மனம் தெளியும் என்று தாத்தாக்கள் சொல்வார்கள். தாராளமாகக் குளியுங்கள், சுகமாக இருக்கும். ஆனால் ஐந்தருவி பதற்றத்துக்கு வைத்தியம் ஆகாது.

“பயந்தாங்கொள்ளி மாதிரி நிக்காதல” என்று கோட்டருகே நின்று கத்தும் அப்பாக்களே, பாதி உதறல் உங்களால்தான்.

எப்போது வரவேண்டும்

விளையாடும்போது மயங்கி விழுந்தாலோ, சும்மா இருக்கையிலும் படபடத்தாலோ ஈசிஜி, ரத்தசோகை, தைராய்டு பார்க்க வேண்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

பயிற்சியாளர்களே, கடைசி ரைடு, ஒரு புள்ளி பின்தங்கல், சுற்றிலும் கூச்சல் என்று வைத்துப் பயிற்சியிலேயே பழக்குங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக விடச் சொல்லிக்கொடுங்கள். 2024 உலக செஸ் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்ற நம் குகேஷ் பட்டம் வென்றார். மனப் பயிற்சிக்கென்றே பேடி அப்டன் அவருடன் இருந்தார். அதில் வெட்கம் எதுவுமில்லை. தயவுசெய்து போட்டிக்கு ஒரு மாதம் முன்பே பையனைக் கூட்டிவாருங்கள். மாத்திரை போட்ட பிறகு வேண்டாம்.