இயற்கை வேளாண்மையின் மாறுகாலப் பொருளியல்: செலவும் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இயற்கை வேளாண்மை இலாபகரமானதா என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் மாற்றம் முழுமையடைந்த பண்ணையின் வரவு செலவைக் கொண்டே விடை கூறப்படுகிறது. ஆனால் வேதி உரங்களைக் கைவிட்ட நாளுக்கும் இயற்கை விளைபொருள் என்னும் சான்று கிடைக்கும் நாளுக்கும் இடையே இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் உள்ளன. விளைச்சல் குறைந்தும் விலை கூடாமலும் இருக்கும் இம்மாறுகாலமே விவசாயியின் முடிவைத் தீர்மானிக்கிறது. அக்காலத்தின் செலவு எவற்றால் ஆனது, அது யார் மேல் விழுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இயற்கை வேளாண்மை, மாறுகாலம், தொழுவுரம், சான்றளிப்பு, குத்தகை, மானியம்.

முன்னுரை

இயற்கை வேளாண்மை, அங்கக வேளாண்மை, உயிர்ம வேளாண்மை எனப் பல பெயர்களால் வழங்கும் இம்முறை, செயற்கை உரங்களையும் பூச்சிக்கொல்லிகளையும் தவிர்த்து, மண்ணிலுள்ள உயிர்களின் இயக்கத்தைக் கொண்டு பயிர் வளர்ப்பதாகும். தமிழகத்தில் கோ. நம்மாழ்வார் இதனை ஒரு மக்கள் இயக்கமாக வளர்த்தார். நெல் ஜெயராமன் மரபு நெல் இரகங்களைத் திரட்டிப் பரப்பினார். இரண்டு கிலோ விதை பெறும் உழவர் மறு ஆண்டில் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் கையாண்ட முறை. பணம் இடையே வராமல் விதை பெருகியது. 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இவ்வேளாண்மைக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. இவ்வளவு ஊக்கத்திற்குப் பின்னும் பெரும்பான்மை உழவர்கள் இம்முறைக்கு மாறத் தயங்குகின்றனர். அதனை அறியாமை என்று கருதுவது பொருந்தாது. அதன் பின்னே ஒரு தெளிவான கணக்கு உள்ளது.

மண்ணின் கணக்கு

ஒரு யூரியா மூட்டையின் எடை 45 கிலோ. அதில் நைட்ரஜன் 46 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ 20.7 கிலோ. நன்கு மக்கிய தொழுவுரத்தில் நைட்ரஜன் பொதுவாக அரை விழுக்காடு அளவே இருக்கும். எனவே ஒரு டன் தொழுவுரம் தருவது 5 கிலோ நைட்ரஜன். ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு செய்ய 4 டன்னுக்கும் சற்று மேற்பட்ட தொழுவுரம் வேண்டும். யூரியா மூட்டையைத் தோளில் சுமந்து சென்று ஒருவரே இறைத்துவிடலாம். 4 டன் எருவையோ வண்டியில் ஏற்றி, வயலில் இறக்கி, பரப்ப ஆள்கள் வேண்டும். அதிலுள்ள சத்தும் முதலாண்டிலேயே முழுமையாகப் பயிருக்குக் கிடைப்பதில்லை. மண்ணின் நுண்ணுயிர்கள் சிதைக்கச் சிதைக்கப் பல பருவங்களில் அது வெளிப்படுகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப உழவர்கள் பல வழிகளைக் கையாளுகின்றனர். தக்கைப்பூண்டு, சணப்பை போன்ற பசுந்தாள் உரப்பயிர்களை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவர். அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை போடுவர். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கீதாரிகள் தம் மந்தைகளோடு காவிரிப் படுகைக்கு வருவது இவ்வுறவால்தான். பஞ்சகவ்யத்தை 10 லிட்டர் நீருக்கு 300 மில்லி என்னும் அளவில் கலந்து தெளிப்பர். வேம்பு, நொச்சி, ஆடாதொடை முதலிய இலைகளை ஊறவைத்துப் பூச்சிவிரட்டி செய்வர்.

இவை அனைத்திலும் கடைச் செலவு குறைவு, உழைப்பு மிகுதி. களைக்கொல்லி இல்லாத வயலில் களையெடுப்புக்கான ஆள்கூலியும் கூடுகிறது. வீட்டில் மாடும் உழைக்க ஆள்களும் உள்ள குடும்பத்திற்கு இது சேமிப்பாக அமையும். மாடில்லாமல் எருவை விலைக்கு வாங்கி, ஆள் வைத்து வேலை செய்விக்கும் குடும்பத்திற்கு இது கூடுதல் செலவு. 'இடுபொருள் செலவு இல்லை' என்னும் பொதுக்கூற்று குடும்ப உழைப்புக்கு விலை போடாததால் எழுவது.

யூரியாவின் விலையும் அதன் உண்மைச் செலவைக் காட்டுவதில்லை. மூட்டை ஏறத்தாழ 270 ரூபாய்க்குள் கிடைப்பதற்குக் காரணம் ஒன்றிய அரசின் மானியம். எருவைப் பரப்பும் உழைப்புக்கோ அத்தகைய ஆதரவு இல்லை. ஆகவே இவ்விரு முறைகளையும் சந்தை விலையில் ஒப்பிடுவது சமமான ஒப்பீடாகாது.

விளைச்சலும் விலையும்

2012-இல் ஸூஃபர்ட் உள்ளிட்டோர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட தொகுப்பாய்வு, இயற்கை வேளாண்மையின் விளைச்சல் பயிரையும் சூழலையும் பொறுத்து 5 முதல் 34 விழுக்காடு வரை குறைவதாகக் கண்டது. மானாவாரிப் பயறு வகைகளில் இக்குறைவு மிகச் சிறிது. நைட்ரஜனைத் தாமே நிலைநிறுத்தும் பயிர்கள் இவை என்பதை நினைவுகொண்டால் மேற்கண்ட மண்ணின் கணக்கோடு இது பொருந்துவது புலப்படும்.

விளைச்சல் 20 விழுக்காடு குறைந்தால், மொத்த வருவாய் குறையாதிருக்க விலை 25 விழுக்காடு உயர வேண்டும். இடுபொருளில் மிச்சமாகும் தொகை இத்தேவையைக் குறைக்கும். 2015-இல் கிரௌடர், ரெகனால்டு ஆகியோர் வெளியிட்ட உலகளாவிய ஆய்வில், கூடுதல் விலை கிடைத்தபோது இயற்கை வேளாண்மை 22 முதல் 35 விழுக்காடு அதிக இலாபம் தந்தது. கூடுதல் விலையை நீக்கிக் கணக்கிட்டபோது அது வழக்கமான வேளாண்மையைவிடப் பின்தங்கியது. எனினும் இரண்டும் சமநிலை அடைய 5 முதல் 7 விழுக்காடு கூடுதல் விலையே போதுமானதாக இருந்தது. கூடுதல் விலை கிடைப்பதும் கிடைக்காமையுமே முடிவை மாற்றுகின்றன. அவ்விலை எப்போது கைக்கு வருகிறது என்பதே அடுத்த வினா.

சான்றும் காலமும்

இந்தியாவில் இரு சான்றளிப்பு முறைகள் உள்ளன. முதலாவது 2001 முதல் நடைமுறையிலுள்ள தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். மூன்றாம் தரப்பு நிறுவனம் ஆய்வு செய்து சான்று வழங்கும் இம்முறை ஏற்றுமதிக்கு இன்றியமையாதது. இரண்டாவது பங்கேற்பு உத்தரவாத முறை. ஒரே பகுதி உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு உறுதியளிக்கும் இம்முறை செலவு குறைந்தது. உள்நாட்டுச் சந்தைக்கு உரியது.

இரண்டிலும் மாறுகாலம் உண்டு. முதல் முறையில் ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகளும், நீண்டகாலப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் கழிய வேண்டும். அதுவரை விளையும் நெல் வேதி உரமின்றி விளைந்தாலும், முழுச் சான்று பெற்ற இயற்கை நெல்லாகாது. வேதி உரத்தை நிறுத்தியதால் விளைச்சல் குறைந்து, மண்வளம் இன்னும் மீளாத அதே ஆண்டுகளில் கூடுதல் விலையும் கிடைப்பதில்லை. இழப்பு முன்னே வருகிறது. ஆதாயம் பின்னே வருகிறது.

ஒன்றிய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டம் இவ்விடைவெளிக்கென உருவானது. அதில் ஹெக்டேருக்கு மூன்றாண்டுகளில் 31,500 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அதிலிருந்து விவசாயிக்கு நேரடியாகச் சேர்வது 15,000 ரூபாய். ஏக்கர் கணக்கில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய். எருவை ஏற்றி இறக்கும் ஆள்கூலியோடு ஒப்பிடின் இத்தொகையின் சிறுமை விளங்கும்.

குத்தகை உழவரின் நிலை

மாறுகாலச் செலவு உண்மையில் மண்ணில் இடும் முதலீடு. அதன் பயனைப் பெற அதே நிலத்தில் தொடர்ந்து பயிரிடும் உறுதி வேண்டும். நிலவுடைமையாளருக்கு அவ்வுறுதி உண்டு. குத்தகைக்கோ வாரத்திற்கோ பயிரிடுவோருக்கு அது இல்லை. 1955-ஆம் ஆண்டின் குத்தகைச் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் இருப்பினும், காவிரிப் படுகையில் வாய்மொழிக் குத்தகைகள் தொடர்கின்றன. பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்னும் உடைமையாளரின் அச்சம் இதற்கொரு காரணம். அடுத்த ஆண்டு நிலம் தன்னிடம் இருக்குமா என்பதை அறியாதவர், மூன்றாம் ஆண்டில் பலன் தரும் எருவை இன்று இடுவது பொருளியல் நோக்கில் அறிவுடைமையாகாது. அவர் வளப்படுத்திய மண் அடுத்த குத்தகையை உயர்த்தவும் கூடும். நிலம் தொடர்பான ஆவணம் கோரும் மானியமும் சான்றும் எழுத்துவழி உரிமையற்ற இவருக்கு எட்டாதவை. எனவே இயற்கை வேளாண்மையின் பரவலை நிலவுரிமையிலிருந்து பிரித்து ஆராய இயலாது.

சிக்கிமும் இலங்கையும்

மாறுகாலத்தை ஓர் அரசு எவ்வாறு கையாளலாம் என்பதற்கு எதிரெதிரான இரு சான்றுகள் உள்ளன. சிக்கிம் 2003-இல் முழு இயற்கை வேளாண் மாநிலமாகும் முடிவை எடுத்தது. வேதி உர மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2010-இல் தனி இயக்கம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 75,000 ஹெக்டேர் நிலம் சான்று பெற்று, 2016 ஜனவரியில் அம்மாநிலம் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. அங்கு முன்பே வேதி உரப் பயன்பாடு குறைவு என்பதும், ஏலம், இஞ்சி போன்ற பயிர்கள் முதன்மையானவை என்பதும் கருதத்தக்கவை.

இலங்கையில் பத்தாண்டுகளில் மாறுவோம் என்பது 2019-ஆம் ஆண்டுத் தேர்தல் வாக்குறுதி. ஆனால் 2021 மே மாதத்தில் வேதி உர இறக்குமதி ஒரே ஆணையில் தடை செய்யப்பட்டது. ஈடு செய்யப் போதுமான இயற்கை உரம் நாட்டில் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போகத்துக்கான காலம் கடந்துகொண்டிருந்தது. நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது; அரிசி இறக்குமதி செய்யப்பட்டது. 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 40,000 மில்லியன் இலங்கை ரூபாய் இழப்பீடு வழங்குவதாக அரசு அறிவித்தது. மாறுகாலச் செலவை முன்கூட்டித் திட்டமிட்டு ஏற்காத அரசு, அதனை இழப்பீடாகப் பின்னர் ஏற்க நேர்ந்தது. அச்செலவை உழவர் மேல் சுமத்தலாம். இல்லாமல் ஆக்க முடியாது என்பதே இதிலிருந்து பெறப்படும் கருத்து.

முடிவுரை

இயற்கை வேளாண்மையின் பொருளியல் சிக்கல் அதன் தொடக்க ஆண்டுகளில் மையம் கொண்டுள்ளது. சத்தின் அளவு, கூடுதல் உழைப்பு, சான்றுக்கான காத்திருப்பு ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் ஒரே குடும்பத்தின் மேல் விழுகின்றன. தூய நீர், வளமான மண், நஞ்சற்ற உணவு ஆகிய பயன்களோ சமூகம் முழுமைக்கும் சேர்கின்றன. பயன் பொதுவாக இருக்கையில் செலவு தனியாக இருப்பது நியாயமன்று. மாறுகால விளைபொருளுக்கு அரசுக் கொள்முதலில் தனி விலை, உழைப்பை அடிப்படையாகக் கொண்ட மானியம், குத்தகை உழவருக்கு எழுத்துவழிக் காலவரையறை ஆகியன இச்சுமையைப் பகிரும் வழிகள். இனிவரும் கள ஆய்வுகள் மாற்றத்தை முடித்த பண்ணைகளோடு நில்லாமல், இரண்டாம் ஆண்டில் கைவிட்டுத் திரும்பியோரின் கணக்கேடுகளையும் தேடிப் பதிவு செய்தல் வேண்டும். இம்முறையின் உண்மையான விலை அக்கணக்கேடுகளில்தான் எழுதப்பட்டிருக்கும்.