மூச்சைப் பிடிக்காதே

திண்டுக்கல் சமவெளியில் நீச்சல் பழகுவது பெரும்பாலும் தோட்டத்துக் கிணற்றில்தான். இடுப்பில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டி, மேலே பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, படியிலிருந்து தள்ளிவிடப்பட்டுத் தேறியவர்கள் இங்கே ஏராளம். தேறிய பின் அடுத்த பந்தயம், அடிமண் அள்ளி வருவது. மூச்சை நன்றாக இழுத்து, அடக்கி, தலைகீழாகப் பாய்ந்து, கையில் சேற்றோடு மேலே வருபவன் கெட்டிக்காரன். இந்தத் திறமையோடு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கோ புதுச்சேரிக்கோ ஸ்கூபா என்னும், காற்று டேங்கோடு கடலில் இறங்கும் தொழில் படிக்கப் போகும் இளைஞருக்கு முதல் நாளே சொல்லப்படும் விதி: தண்ணீருக்குள் எக்காரணம் கொண்டும் மூச்சைப் பிடிக்காதே. ஏன் என்று விளங்கிவிட்டால் ஸ்கூபா கருவியும் விளங்கிவிடும்.

தண்ணீருக்குள் 10 மீட்டர், அதாவது 33 அடி இறங்கினால் உடல் மீதுள்ள அழுத்தம் இரு மடங்காகிறது. 20 மீட்டரில் மூன்று மடங்கு, 30 மீட்டரில் நான்கு. மூச்சடக்கிப் பாய்பவரின் நுரையீரல் இறங்க இறங்கச் சுருங்கும், ஏற ஏறப் பழைய அளவுக்கு விரியும். உள்ளே இருப்பது கரையில் இழுத்த காற்றுதான் என்பதால் அது அளவுக்கு மீறி விரிவதில்லை. மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாக முத்தும் சங்கும் குளித்தவர்கள் கல்லில் காலை ஊன்றி இறங்கியதும் இப்படித்தான்.

ஸ்கூபாவில் கணக்கு மாறுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் இருப்பவர் சுவாசிப்பது இரு மடங்கு அழுத்தத்தில் உள்ள காற்று. அங்கே ஆறு லிட்டர் காற்றை இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது பன்னிரண்டு லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு ஏது இடம்? மென்மையான காற்றறைகள் கிழிந்து, குமிழ்கள் ரத்தத்தில் புகுந்து மூளைக்குப் போய் அடைக்கும். நாலடி ஆழத்திலிருந்து வந்தாலே இது நேரலாம். கிணற்றில் வருஷக்கணக்காக உடம்பில் ஊறிய பழக்கம் இங்கே உயிருக்கே உலை வைக்கிறது. பயிற்சியில் மிகக் கடினமான பாடம் இதுவே என்பது என் எண்ணம். புதிதாக ஒன்றைக் கற்பதைவிடக் கைவந்ததை மறப்பது கஷ்டம்.

பப்பாளித் தண்டை வாயில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் உட்கார்ந்து பார்த்த சிறுவர்களுக்கு இன்னொரு உண்மை தெரிந்திருக்கும். ஒரு மீட்டர் ஆழம் போனால் எவ்வளவு முயன்றாலும் மூச்சு உள்ளே வராது. நெஞ்சைத் தண்ணீர் அமுக்குகிறது. தண்டு வழியே வரும் காற்றோ கரையின் அழுத்தத்தில் இருக்கிறது. ஆகவே, எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தரும் கருவி வேண்டும். அதுதான் ரெகுலேட்டர்.

வாயில் கடித்துக்கொள்ளும் அந்தப் பகுதியைத் திறந்து பார்த்தால் வட்டமான ஒரு ரப்பர் சவ்வு தெரியும். அதன் ஒரு பக்கம் கடல்நீர், மறுபக்கம் நம் மூச்சு. மூச்சை இழுத்தால் சவ்வு உள்வாங்கி ஒரு நெம்புகோலை அழுத்தும். வால்வு திறந்து காற்று வரும். இழுப்பதை நிறுத்தினால் ஸ்பிரிங் மூடிவிடும். சவ்வைக் கடலே அழுத்திக்கொண்டிருப்பதால் காற்றும் கடலின் அழுத்தத்திலேயே வந்து சேர்கிறது. இந்த வால்வின் கதை போர்க்காலத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் தமிழ்நாட்டில் கரிவாயு பஸ்கள் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். பிரான்சிலும் அதே தட்டுப்பாடு. வண்டி எஞ்சினுக்குத் தேவையான அளவு மட்டும் வாயுவை விடுவதற்காக எமில் கான்யான் என்ற பொறியாளர் செய்த வால்வைத்தான், கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவுடன் சேர்ந்து 1943-இல் நீருக்கடியில் மூச்சு விடும் கருவியாக மாற்றினார்.

முதுகில் இருப்பதை நம் பத்திரிகைகள் ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்று எழுதுகின்றன. தவறு. அதில் இருப்பது வடிகட்டி ஈரம் நீக்கிய சாதாரணக் காற்று. தூய ஆக்சிஜனோடு சில மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். வழக்கமான அலுமினிய டேங்கின் கொள்ளளவு 11 லிட்டர்; அதில் கார் டயரைப்போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு அழுத்தத்தில் 2,200 லிட்டர் காற்றை அடைக்கிறார்கள். அந்தக் காற்றின் எடை மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல். தீரத் தீர டேங்க் எடை குறைந்து மிதக்கப் பார்க்கும் என்பதால், இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியை முன்கூட்டியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்கிறார்கள்.

இந்த டேங்குகளைத் தூக்குவதுதான் பயிற்சி பெறுபவரின் காலைப்பொழுது. அவர் எட்டப் பார்க்கும் டைவ் மாஸ்டர் தகுதிதான் தொழில்முறையில் முதல் படி. ‘பாடி’ என்ற உலகளாவிய அமைப்பின் விதிப்படி, அதில் சேர 18 வயது நிறைந்திருக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், 40 முறையாவது கடலில் இறங்கியிருக்க வேண்டும். முடிக்கும்போது அது 60 ஆகியிருக்க வேண்டும். 400 மீட்டர் நீச்சலும் கால் மணி நேரம் நின்ற இடத்தில் மிதப்பதும் தேர்வில் உண்டு. கிணற்றுப் பிள்ளைகளுக்கு மிதப்பது எளிது, நீண்ட தூரம் நீந்துவதுதான் கடினம்.

மற்ற நேரமெல்லாம் வேலை. கம்ப்ரஸரில் காற்று நிரப்பும்போது எஞ்சின் புகை உள்ளே போகாமல் பார்க்க வேண்டும். போனால் கீழே இருப்பவரைக் கார்பன் மோனாக்சைடு மயக்கிவிடும். படகேறும் முன் ஒவ்வொரு ரெகுலேட்டரிலும் மூச்சிழுத்து, பிரஷர் மீட்டரின் முள்ளைப் பார்ப்பார்கள். முள் ஆடினால் டேங்க் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று பொருள். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுவார்கள். அதற்கு முன் ரெகுலேட்டரின் மூடியை ஈரம் துடைத்துப் போட வேண்டும். மறந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து பித்தளைப் பாகங்கள் கெட்டுப்போகும். உழைப்புக்குக் கூலி பெரும்பாலும் பயிற்சியேதான். அதனால் வாரத்தில் எத்தனை முறை கடலில் இறங்கவிடுவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு சேர வேண்டும். டேங்க் மட்டும் தூக்கவைத்து அனுப்பும் இடங்களும் உண்டு. அது பயிற்சி அல்ல, சுரண்டல்.

நீச்சலே தெரியாத சுற்றுலாப் பயணிகளோடு இறங்கும்போது பயிற்சியாளர் பார்க்க வேண்டியது மீன்களை அல்ல, குமிழ்களை. குமிழ் நின்றால் அந்த ஆள் மூச்சைப் பிடிக்கிறார்.

கடைசியாக, நம் ஊர்க்காரர்கள் தெரிந்தே ஆக வேண்டிய ஒன்று. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வந்தாலும் மிச்சம் வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் அழுத்தம் மேலும் குறைந்தால் அது குமிழாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அதனால்தான் டைவ் செய்தவர்களை 18 மணி நேரமாவது விமானம் ஏறவேண்டாம் என்கிறார்கள். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்து அழுத்தம் வரை குறையலாம். கொடைக்கானலோ 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கடலில் டைவ் செய்த கையோடு கொடைக்கானலுக்குக் கார் ஏறுவதும் விமானம் ஏறுவதும் உடம்புக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

திண்டுக்கல் நகரம் 300 மீட்டருக்குள் இருப்பதால் இங்கே வந்து தங்குவதில் பாதகம் இல்லை. வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை ஏறுவதை மட்டும் ஒரு முழு நாள் தள்ளிப்போடுங்கள். ஏறிய பின் மூட்டு வலித்தாலோ கைகால் மரத்துப்போனாலோ உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போங்கள். கடலுக்குள் காற்று டேங்கோடு இறங்கியதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அதைப் பயணக் களைப்பு என்று நினைக்க வாய்ப்பு அதிகம்.