முகப்புத் தளம் ஏன் இறங்குகிறது?

கட்டி முடித்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன வீடுகள் சிலவற்றில் ஒரு விந்தையைக் கவனித்திருப்பீர்கள். வீட்டுச் சுவரில் விரிசல் ஏதும் இராது. ஆனால் முன்புறத்துப் போர்ட்டிகோவின் கான்கிரீட் தளம் மட்டும் சுவரைவிட்டுப் பிரிந்து, இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கும். நிலைவாசலுக்கு ஏறும் படி அந்த அளவுக்கு உயர்ந்துவிடுவதால், பழக்கத்தில் காலை வைக்கும் முதியவர்கள் தடுக்கி விழ நேர்வதும் உண்டு.

கான்கிரீட்டின் கனம் தாங்காமல் மண் அமிழ்ந்துவிட்டது என்றே பலரும் கூறுவர். சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2400 கிலோகிராம். எனவே 10 செ.மீ. கனமுள்ள தளம், சதுர மீட்டருக்கு 240 கிலோகிராம் வீதம் மண்ணை அழுத்துகிறது. இது பெரிய எண்ணாகத் தோன்றுகிறதா? 60 கிலோகிராம் எடையுள்ள நீங்கள் வெறுங்காலுடன் நிற்கிறீர்கள் எனக் கொள்வோம். இரு பாதங்களின் பரப்பு சுமார் 300 சதுர செ.மீ. அப்படியானால் உங்கள் அழுத்தம் சதுர மீட்டருக்கு 2000 கிலோகிராம். தளத்தின் அழுத்தத்தைப்போல் எட்டு மடங்குக்கும் மேல்! பாதத்தின் அழுத்தம் ஆழம் செல்லச் செல்லப் பரவிக் குறைந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் தளத்தை முதற் குற்றவாளி எனக் கூற முடியாது என்பது தெளிவு.

குற்றவாளி அடியிலுள்ள மண்தான். வீட்டின் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டும்போது, சுவரின் அகலத்தைவிட அதிகமாகவே தோண்டுகிறார்கள். சுவர் எழும்பியபின், பக்கத்திலுள்ள வெற்றிடத்தில் தோண்டிய மண்ணையே தள்ளி நிரப்புகிறார்கள். சுவரோ குழியின் அடியில், பல நூறு ஆண்டுகளாக அசையாத கெட்டி மண்மீது நிற்கிறது. முகப்புத் தளம் நிற்பது நேற்றுக் கொட்டிய மண்மீது. ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கொட்டிய மண், தன் அடிப்பாகத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 1600 கிலோகிராம் வீதம் அழுத்துகிறது. அதாவது, தளத்தைப்போல் ஏழு மடங்கு கனமான அந்த மண் தன் எடையாலேயே தான் அமிழ்கிறது. மேலே தளமே போடாவிட்டாலும் அது இறங்கத்தான் செய்யும்.

ஒரு படியில் அரிசியைத் தளர்வாகக் கொட்டித் தலைதட்டுங்கள். பிறகு படியைத் தரையில் நாலு முறை தட்டுங்கள். அரிசி கீழிறங்கி, மேலே இடம் காலியாகிவிடும். அரிசி மணிகள் சுருங்கவில்லை. மணிகளுக்கிடையே இருந்த காற்றிடந்தான் குறைந்தது. மண்ணிலும் இதுவே நிகழ்கிறது. தளர்ந்த மண்ணின் கன அளவில் ஏறக்குறையப் பாதி வெற்றிடமாக இருக்கக்கூடும். ஒரு மீட்டர் நிரப்பு மண் நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினாலே தளத்தின் அடியில் 5 செ.மீ. இடைவெளி உண்டாகிவிடும்.

படியைத் தட்டும் கையின் வேலையை இங்கே மழை செய்கிறது. ஈர மணலில் குழந்தைகள் கோபுரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மணற்பொடிகளுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசையே அவற்றைப் பிணைத்து வைக்கிறது. ஓர் அலை வந்து இடைவெளிகளையெல்லாம் நீரால் நிரப்பிவிட்டால் படலமும் இல்லை, பிணைப்பும் இல்லை, கோபுரம் சரிகிறது. கொட்டிய மண்ணும் அப்படித்தான். கோடை முழுவதும் நிமிர்ந்து நிற்கும்; ஐப்பசி மழையில் ‘பொதுக்’கென்று இறங்கும். களிமண்ணின் கதை வேறு. அதன் நுண்துளைகளிலிருந்து நீர் மிக மெதுவாகவே வெளியேறும் ஆதலால், அமிழ்தல் ஆண்டுக்கணக்கில் நீளும். இதற்கான கணித விளக்கத்தைக் கார்ல் டெர்சாகி என்னும் பொறியியல் அறிஞர் 1925-இல் வெளியிட்ட நூலில் விவரித்தார்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. நிரப்பிய மண் சுவரை ஒட்டித்தான் மிக ஆழமாக உள்ளது. ஆகவே தளம் பெரும்பாலும் சுவர்ப்பக்கமாகவே சாய்கிறது. அப்போது மழைநீர் வாசலுக்கு வெளியே ஓடாமல், விரிசல் வழியாக அஸ்திவாரத்துக்கே செல்லும். நீர் மண்ணை இறக்க, இறங்கிய மண் மேலும் நீரை வரவழைக்கும். மொட்டைமாடியின் மழைநீர்க் குழாயும் அங்கேயே கொட்டினால் கேட்க வேண்டியதில்லை. 50 சதுர மீட்டர் மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 5000 லிட்டர்! எனவே, முதல் வேலை அந்தக் குழாயை அப்பால் திருப்புவதுதான். சிமெண்ட் வாங்குவது பிறகு.

அடுத்து, போர்ட்டிகோவின் தூண்களைப் பாருங்கள். அவற்றுக்குத் தனி அஸ்திவாரம் இருந்தால் இறங்குவது தரை மட்டுமே. தூண்கள் தளத்தின்மீதே நின்றால், தளத்தோடு மேற்கூரையும் இறங்கும். அப்படியானால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு ஒரு பொறியாளரை உடனே அழையுங்கள்.

தரை மட்டுந்தான் என்றால் அவசரம் வேண்டாம், அளந்து பாருங்கள். கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர் நிரப்பிய ரப்பர்க் குழாய் மட்டம் போதும். சுவரில் ஒரு கோடு போட்டு, அக்கோட்டிலிருந்து தளத்தின் நான்கு மூலைகளும் எவ்வளவு கீழே உள்ளன என்று மாதம் ஒருமுறை குறித்து வரைபடம் வரையுங்கள். வளைகோடு நாளடைவில் படுத்துவிட்டால் மண் தன் இயல்பில் இறுகிவிட்டது எனலாம். ஒவ்வொரு மழைக்கும் படிக்கட்டுப்போல் இறங்கினால் நீர் எங்கிருந்தோ உள்ளே போகிறது.

இறக்கம் நிற்குமுன் விரிசலில் சிமெண்ட் அடைப்பது வீண். தளத்தைக் கம்பியால் சுவரோடு பிணைப்பது அதைவிடக் கேடு. கீழே மண் நழுவியதும் தளம் சுவரில் தொங்கி முறியும். நெகிழக்கூடிய தாரும் மணலும் கலந்து அடைத்தால் நீர் புகாது.

இறங்கிய தளத்தைத் தூக்கவும் முடியும். தளத்தில் துளையிட்டு, சிமெண்டும் மண்ணும் கலந்த குழம்பை அடியில் செலுத்துவார்கள். சதுர மீட்டருக்கு 240 கிலோகிராம் என்பது 24 செ.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தமே! பாஸ்கல் விதிப்படி அந்தச் சிறிய அழுத்தம் எங்கும் பரவித் தளத்தை உயர்த்துகிறது. பக்க உராய்வுக்காகச் சற்றுக் கூடுதல் தேவைப்படும். அளவு மீறினால் தளம் வெடிக்கும்.

தளம் பல துண்டுகளாக உடைந்திருந்தால், பெயர்த்தெடுத்து மண்ணையும் தோண்டி மீண்டும் நிரப்புவதே என் கருத்தில் சிறந்தது. 15 செ.மீ. அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். ஈரத்தின் அளவும் முக்கியம். மண் மிகவும் காய்ந்திருந்தால் துகள்கள் நழுவி நெருங்க மறுக்கும்; மிக நனைந்திருந்தால் வெற்றிடத்தை நீரே அடைத்துக்கொள்ளும். இடையே ஏதோவோர் ஈரநிலையில்தான் மண் மிக நன்றாக இறுகும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் 1933-இல் விளக்கினார். கையில் பிடித்தால் உருண்டையாகி, கீழே போட்டால் சில துண்டுகளாக உடையும் பதம் அதற்கு அருகில் இருக்கும்.