பழைய மோட்டார்ச் சைக்கிளொன்றைப் புதுக்குதல்

பழம்பொருளைப் புதுக்குதல் வேறு. அதனைப் புதுப்பொருளாக்கிவிடுதல் வேறு. கோயிற் றிருப்பணி செய்வார் இவ்வேறுபாட்டை நன்கறிவர். கல்வெட்டுள்ள சுவரில் மணலை வீசித் தேய்த்தவர் சுவரைத் தூய்மை செய்தார். சுவர் சொல்லிய செய்தியை அழித்தார். இச்சிக்கல் பொறிவண்டிக்கும் உண்டென்பதைக் கொட்டகலையில் எம் வீட்டுக் கொட்டிலிற் பல்லாண்டு கிடந்த வண்டியொன்று எமக்குக் கற்பித்தது.

அது பி.எஸ்.ஏ. நிறுவனத்தார் 1948 ஆம் ஆண்டு வெளியிட்ட 'பான்டம் டி1' வகையைச் சார்ந்தது. அந்நிறுவனம் 1861 இற் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் கூடித் தொடங்கியது. சார்த்தி நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே அதன் சின்னம். ஆயினும் இவ்வண்டியின் பிறப்பகம் இங்கிலாந்தன்று. ஜெர்மனியிலே டி.கே.டபிள்யூ. நிறுவனம் அமைத்த ஆர்.டி. 125 என்பதன் வரைபடங்கள் போர் இழப்பீடாக வெற்றி பெற்ற நாடுகளைச் சேர்ந்தன. பர்மிங்காம் பொறியியலார் அவற்றைக் கண்ணாடியிற் கண்டாற்போல இடவலம் மாற்றி அமைத்துக்கொண்டனர். கியர் மிதி வலப்பக்கம் வந்தது இதனாலேயாம். யமஹா நிறுவனத்தின் முதல் வண்டியும் (1955) இம்மூலத்தையே பின்பற்றியது. தோற்றோன் செய்த பொறி வென்றோர் நாடுகளிலெல்லாம் ஓடிற்று.

எம் பாட்டனார் தோட்டத்து டிஸ்பென்சர். தாயகம் திரும்பிய சின்னத்துரை ஒருவரிடம் இதனை வாங்கினார். டிவிசன்தோறும் லயன்களுக்கு மருந்துப் பெட்டியுடன் இதிலேயே சென்று வந்தார் என்பர். 1964 இற் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என மக்கள் எண்ணிப் பகுக்கப்பட்டனர். எம் குடும்பமும் பகுபட்டது. பாட்டனாரும் சிற்றப்பாவும் தலைமன்னார் வழியே கப்பலேறினர். எந்தையாரும் வண்டியும் இங்கே தங்கினர்.

இனிப் பொறியைப் பற்றிச் சிறிது கூறுவாம். 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய இவ்விருவீச்சு எந்திரத்திற் பிஸ்டன் மேலேறுங்கால் கீழுள்ள சுழல்தண்டு அறையிற் காற்றழுத்தம் குறைய, எண்ணெய் கலந்த பெற்றோலாவி உட்புகும். கீழிறங்குங்கால் அவ்வாவி அமுக்குண்டு மேலறைக்குச் செல்லும். ஆதலின் கீழறை காற்றுப் புகாததாதல் வேண்டும். அதனைக் காப்பன சுழல்தண்டின் இருமருங்குமுள்ள ஒயில் சீல்கள். அவை காய்ந்து வெடித்தால் வெளிக்காற்று நுழைந்து கலவை மெலியும், எந்திரம் வெம்மையுறும்.

எந்தையார் ஒரு புதிரைச் சொல்வதுண்டு. கொட்டகலையில் ஒழுங்காக ஓடும் வண்டி, கித்துல்கலப் பக்கம் இறங்கினாற் சூடேறி நின்றுவிடுமாம். இதற்கு மலைப்பேயைக் காரணங் காட்டினாரும் உளர்! 1,200 மீற்றருக்கு மேற்பட்ட இவ்வூரிற் காற்று அடர்த்தி குறைந்தது. அதனாற் கலவை இயல்பாகவே செறிவுறும். பழுதுற்ற சீலோ கலவையை மெலிவிக்கும். மலையில் ஒரு குறை மற்றொன்றை மறைத்தது. தாழ்நிலத்தில் அம்மறைப்பு நீங்கிற்று. சீல்களை மாற்றியபின் காபுரேற்றர் ஊசியைச் சிறிது தாழ்த்தினோம்; வண்டி ஈரிடத்தும் செவ்வனே ஓடுகின்றது. ஊசியைத் தொடுமுன் சீலைப் பார்க்க வேண்டுமென்பது இதனாற் பெறப்படும். மறைகள் பிரித்தானிய அளவின. மெற்றிக் ஸ்பானரை இட்டால் தலை உருண்டுபோம் என்பதையும் மாணவர் நினைவிற் கொள்க.

பெருஞ்சிக்கல் வண்ணத்தில் எழுந்தது. மேலே கருமை, அதன்கீழ்த் தேயிலைத் தொழிற்சாலைக் கதவுகளுக்குப் பூசும் அடர்பச்சை, அடியிலே உற்பத்தியாளர் பூசிய வெளிர்பச்சை. முழுவதும் சுரண்டி முதல் நிறத்தைப் பூசுக என்றனர் நண்பர். கூடலூரிலுள்ள சிற்றப்பாவைத் தொலைபேசியிற் கேட்டோம். தொழிற்சாலைப் பச்சையைப் பாட்டனாரும் தாமும் ஒரு தீபாவளிக்கு முன்னாள் பூசியதாகவும், அதனைத் தொட வேண்டாவென்றும் அவர் கூறினார். எந்தையாரோ கருமையைத் தாமே பூசியவர். அதனை நீக்க அவர்க்கு மனமில்லை. உடன்பிறந்தார் இருவரும் இதுபற்றி ஒரு திங்கள் வழக்காடினர்.

பழைய ஊர்திகளுக்கென 2012 இல் ஏற்கப்பட்ட தூரின் சாசனம், உற்பத்தி நாளில் இருந்த நிலையொன்றையே உண்மை நிலையெனக் கொள்ளாது, பயன்பாட்டினால் வந்த மாற்றங்களையும் வரலாறாகவே மதிக்கின்றது. எமக்கும் அதுவே சரியெனப் பட்டது. உயிர்க்காப்புக்குரிய தடைப்பட்டை, டயர், மின்கம்பி ஆகியவற்றைத் தயங்காது மாற்றினோம். தொழிற்சாலைக் கடைசற்பொறியிற் பாட்டனார் கடைவித்த பித்தளைப் புஷ்ஷை எண்ணெயிட்டு மீண்டும் பொருத்தினோம். தாங்கியின் இடப்புறம் கருமை அவ்வாறே உளது. வலப்புறம் மட்டும் ஈரத்துணியும் நுண்தேய்தாளுங் கொண்டு பச்சை வெளிப்படும்வரை நீக்கினோம். பார்ப்பவர் வேலை முடியவில்லையோ என்று வினவுகின்றனர்.

உரிமைப் பதிவேட்டில் இன்னும் பாட்டனார் பெயரே நிற்கின்றது. அதனை மாற்றுதற்குச் சிற்றப்பாவின் இசைவுக் கடிதம் வேண்டும், அனுப்புவதாகச் சொல்லியிருக்கின்றார். தாமே கொண்டுவந்து தந்து, வலப்புறத்தையும் பார்த்துச் செல்லலாமே என்று எந்தையார் எழுதியுள்ளார்.