உப்புக் காற்றும் மிதிவண்டிச் சக்கரமும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பெயர் மிதிவண்டி விளையாட்டில் பலமுறை ஒலித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் ஓடர் நகரில் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டியில், ஓட்டத்தளக் குழு விரைவோட்டத்தில் இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. அக்குழுவில் இடம்பெற்ற எசோ ஆல்பென் நிக்கோபாரைச் சேர்ந்தவர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலிருந்து தப்பிய டெபோரா ஹெரால்டும் இத்தீவுகளிலிருந்தே வந்து நாட்டின் முன்னணி வீராங்கனைகளுள் ஒருவரானார்.

போட்டி ஓட்டத்தளம் வழவழப்பானது. அங்கே சக்கரத்திற்கு வேகம் ஒன்றே குறிக்கோள். திக்லிபூரிலோ, ரங்கத்திலோ, சிறிய அந்தமானின் ஹட் பேயிலோ மேடும் பள்ளமும் வேரும் கல்லும் நிறைந்த பாதையில் செல்லும் வண்டியின் நிலை வேறு. அப்பாதையில் சக்கரம் முறிந்தால் ஓட்டுபவர் வீழ்ந்து காயமுறுவார். அன்றியும் பல கிலோமீட்டர் தூரம் வண்டியைச் சுமந்து திரும்ப நேரிடும். மாற்றுப் பாகமோ சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கடல் கடந்து வரவேண்டும். ஆகவே மலைப்பாதை மிதிவண்டிக்கு விலையுயர்ந்த சக்கரங்களை வாங்க எண்ணுவோர், எதைக் கருதித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

சக்கரம் எடையைத் தாங்கும் முறை

மாட்டு வண்டியின் சக்கரத்தில் குடத்திலிருந்து கீழ்நோக்கியுள்ள ஆரக்கால் தூண்போல் நின்று பாரத்தைத் தாங்குகிறது. மிதிவண்டிச் சக்கரத்தின் அமைப்பு இதற்கு மாறானது. 2 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி தூணாக நிற்க இயலாது. சிறிது அழுத்தினாலே வளைந்துவிடும். எனவே எல்லாக் கம்பிகளும் முன்னதாகவே முறுக்கேற்றி இழுத்துக் கட்டப்படுகின்றன. பாரம் ஏறும்பொழுது தரையை ஒட்டிய சில கம்பிகளின் இழுவிசை குறைகிறது. இவ்வாறு குறையும் அளவே வண்டியின் பாரத்தைத் தாங்குவதாக அமைகிறது. இழுவிசை முற்றிலும் அற்றுப்போகாத வரையில் சக்கரம் உறுதியாக நிற்கும்.

இவ்விசையின் அளவு வியப்பைத் தருவது. 32 கம்பிகள் உள்ள சக்கரத்தில் ஒவ்வொன்றும் 100 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோமாயின், வெளிவளையம் அதன் சுற்று முழுவதும் ஏறத்தாழ 500 கிலோகிராம் எடைக்குச் சமமான நெருக்கு விசையைத் தாங்கி நிற்கிறது. அரைக் கிலோகிராம் எடையுள்ள வளையம் ஒன்று ஓயாது செய்யும் வேலை இது.

29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். ஆகவே ஒரு கிலோமீட்டர் செல்ல அது 430 தடவைக்கு மேல் உருள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. 1,000 கிலோமீட்டரில் இது 4 லட்சம் தடவையைத் தாண்டிவிடும். இரும்புக் கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போலவே, சிறு சிறு மாற்றங்களும் பல லட்சம் தடவை நிகழ்ந்தால் உலோகம் அயர்ந்து முறிகிறது. கம்பி பெரும்பாலும் குடத்தருகே உள்ள வளைவிலேயே ஒடிவதற்குக் காரணம் இதுவே. தளர்ந்த கம்பியே விரைவில் ஒடியும். சரியாக முறுக்கேற்றிய கம்பி நெடுநாள் உழைக்கும். நடுப்பகுதி 1.8 மில்லிமீட்டராகவும் இரு முனைகள் 2 மில்லிமீட்டராகவும் உள்ள கம்பிகள், ஒரே கனமுள்ள கம்பிகளைவிட அதிக நாள் உழைக்கும். மெல்லிய நடுப்பகுதி மீள்தன்மையுடன் நீண்டு கொடுத்து, வளைவின்மீது விழும் பளுவைக் குறைப்பதே இதற்குக் காரணம்.

இலேசான சக்கரம் தரும் நன்மை எவ்வளவு?

விலையுயர்ந்த சக்கரங்களை வாங்குவோர் முதலில் கேட்பது எடையையே. இதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஓட்டுபவர் 70 கிலோகிராமும் வண்டி 13 கிலோகிராமும் இருப்பின் மொத்தம் 83 கிலோகிராம். புதிய சக்கரங்கள் பழையவற்றைவிட 300 கிராம் குறைவாக இருப்பதாகக் கொள்வோம். 300 மீட்டர் உயரம் ஏறுவதற்குத் தேவையான சக்தி சுமார் 2,44,000 ஜூல். மிச்சமாவது 900 ஜூலுக்கும் குறைவு. அதாவது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை.

வேகத்தைக் கூட்டும்பொழுது மட்டும் நன்மை சற்று மிகுதி. வெளிவளையத்திலுள்ள பொருள் முன்னோக்கிச் செல்வதோடு சுழலவும் செய்வதால், அங்குள்ள 100 கிராம் ஏனைய இடத்திலுள்ள 200 கிராமுக்குச் சமமாகும். அவ்வாறு கொண்டாலும் மேற்கூறிய 300 கிராமின் பயன் நூற்றில் ஒரு பங்கை எட்டாது. விநாடிகளை எண்ணும் பந்தய வீரருக்கு இது பெரிது. காட்டுப் பாதையில் பாதுகாப்பாகச் சென்று திரும்ப வேண்டியவருக்கு உறுதியும் பழுதுபார்க்கும் வசதியுமே முதன்மையானவை.

உப்பின் வேலை

தீவுகளில் எந்த ஊரும் கடலிலிருந்து மிகத் தொலைவில் இல்லை. அலைகள் உடையும்பொழுது எழும் நுண்துளிகளைக் காற்று நிலத்தின்மீது கொண்டுவந்து படியச் செய்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 75க்கு மேற்படும்பொழுது சாதாரண உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீராகிவிடும். மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவதை எல்லா வீடுகளிலும் காணலாம். இரு பருவ மழைகளும் பெய்யும் இத்தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதியில் ஈரப்பதம் அந்த அளவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. ஆகவே வண்டியைக் கூரையின்கீழ் நிறுத்தியிருந்தாலும் அதன்மீது படிந்த உப்பு ஈரமாகவே நிலைத்து, உலோகத்தை இரவும் பகலும் அரிக்கின்றது.

இந்த அரிப்பு ஓர் மின் நிகழ்ச்சியாகும். வெவ்வேறு இயல்புள்ள இரு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டு, உப்பு நீரால் இணைக்கப்பட்டால் அங்கே ஒரு சிறு மின்கலம் தோன்றுகிறது. அவ்விரண்டில் ஒன்று கரைந்து மற்றொன்றைக் காக்கிறது. காரைக்குடியில் 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்கும் பணியும் அதனால் நடத்தப்பட்டுள்ளது.

கார்பன் இழையால் செய்த வளையங்களில் இந்த மின்கலமே பெரிய இடையூறு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். உப்பு நீரில் அது கரையாத பக்கத்தைச் சேர்ந்தது. அலுமினியமோ எளிதில் கரையும் பக்கத்தைச் சேர்ந்தது. கம்பியின் முனையை வளையத்தோடு இணைக்கும் நிப்பிள் என்னும் சிறு திருகாணி அலுமினியத்தால் ஆனதாயின், பெரிய கார்பன் பரப்பு முழுவதும் அச்சிறு திருகாணியைத் தாக்குகிறது. கரையும் பொருள் சிறிதாகவும் கரையாத பொருள் பெரிதாகவும் இருந்தால் அரிப்பு மிக விரைவாக நடக்கும். வெளியே பளபளப்பாகத் தோன்றும் நிப்பிள் உள்ளே மாவாகி, ஒரு நாள் பாதையில் உடைந்துவிடக் கூடும்.

அலுமினிய வளையத்தில் பித்தளை நிப்பிளைப் பொருத்தினால் நிலைமை தலைகீழாகிறது. இங்கே கரையக் கூடிய அலுமினியம் பெரிது; பித்தளை சிறிது. எனவே அரிப்பு மெதுவாகவே நடக்கும். பித்தளை நிப்பிள்களால் ஒரு சக்கரத்தின் எடை சில பத்துக் கிராமே கூடும். தீவுகளில் இக்கூடுதல் எடையை மகிழ்ச்சியுடன் ஏற்கலாம்.

துருவேறா எஃகுக் கம்பிகளும் முற்றிலும் அழியாதவை அல்ல. உப்பு தேங்கும் இடுக்குகளில், குறிப்பாக நிப்பிளின் மறைகளிலும் குடத்தின் துளைகளிலும், ஊசி முனை போன்ற குழிகள் விழும். அக்குழியே பின்னர் கம்பி முறியும் இடமாகிறது. சக்கரத்தைக் கட்டும்பொழுதே மறைகளில் கிரீஸ் தடவுதல் இதற்கு எளிய தடுப்பாகும்.

கார்பனா, அலுமினியமா?

கார்பன் வளையம் இலேசானது; விறைப்பு மிக்கது. ஆனால் கூரிய கல்லில் பலமாக மோதினால் அது வளையாமல் பிளவுபடும். அலுமினிய வளையம் நசுங்கும். நசுங்கிய வளையத்தை ஓரளவு நிமிர்த்தி, கம்பிகளைச் சரிசெய்து வீடு திரும்ப முடியும். தரமான கார்பன் சக்கரங்களின் விலை ஒரு லட்ச ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். பழுதுபார்ப்போர் அருகில் இல்லாத இடத்தில், நல்ல அலுமினிய உலோகக் கலவை வளையம், 32 துருவேறா எஃகுக் கம்பிகள், பித்தளை நிப்பிள்கள் ஆகியவை சேர்ந்த சக்கரமே மிகுந்த நம்பிக்கைக்கு உரியது. கார்பனையே விரும்புவோர், பித்தளை நிப்பிளும், வளையத் துளைகளில் மின்கடத்தாப் பூச்சோ வளையவில்லையோ உள்ளதையும் கேட்டு வாங்க வேண்டும்.

குடமும் பேரிங்கும்

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மலைப்பாதை மிதிவண்டி தோன்றிய காலத்தில், வீரர்கள் பழைய கனத்த வண்டிகளில் மலைச் சரிவில் இறங்கினர். குடத்திலிருந்த பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு இறக்கத்திற்குப் பின்னும் குடத்தில் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே அவ்வோட்டத்திற்கு, மீண்டும் அடைத்தல் என்னும் பொருளில், ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. மலைவண்டிகளில் அவ்வகைப் பிரேக் கைவிடப்பட்டபின் அத்தொல்லை நீங்கியது. எனினும் குடத்தின் உள்ளே நீரும் உப்பும் புகாமல் காப்பதே இன்றும் முக்கியம்.

இதற்கு ரப்பர் மூடி நன்கு பொருந்திய பேரிங்குகளே ஏற்றவை. பேரிங்கின்மேல் 6902 போன்ற பொதுவான எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வாறாயின் இயந்திரப் பாகங்கள் விற்கும் எந்தக் கடையிலும் அதே அளவுள்ளது கிடைக்கும். ‘செராமிக்’ என விளம்பரப்படுத்தப்படுவனவற்றில் பெரும்பாலும் குண்டுகள் மட்டுமே பீங்கான் வகையைச் சேர்ந்தவை. அவை உருளும் வளையங்கள் எஃகே. ஆகவே துரு அங்கும் உண்டு. பற்சக்கரங்கள் பொருந்தும் உருளை அலுமினியமாயின் எஃகுப் பற்கள் அதில் பள்ளம் பறிக்கும். எஃகு உருளை சிறிது கனமாயினும் நெடுநாள் உழைக்கும்.

அளவில் ஏமாற்றம் வேண்டாம்

அங்குலக் கணக்கு பெரும் குழப்பத்தை விளைவிக்கக் கூடியது. டயர் அமரும் வளைய விட்டம் 26 அங்குல மலைவண்டிக்கு 559 மில்லிமீட்டர், 27.5 அங்குலத்திற்கு 584. 29 அங்குலத்திற்கு 622. நம் நாட்டின் சாதாரண 28 அங்குல வண்டிக்கோ அது 635 மில்லிமீட்டர். ஆகவே 29 என்று பெயருடைய வளையம் 28 என்று பெயருடையதைவிடச் சிறியது. ஊர்க்கடையில் கிடைக்கும் டயர் அதற்குப் பொருந்தாது. வாங்கும்பொழுது மில்லிமீட்டர் எண்ணையே நம்ப வேண்டும். 2.3 முதல் 2.5 அங்குல டயருக்கு வளையத்தின் உள் அகலம் 30 மில்லிமீட்டர் அளவில் இருத்தல் நலம். குடத்தின் அகலமும் சட்டத்திற்குப் பொருந்த வேண்டும். அண்மைக் கால மலைவண்டிகள் பலவற்றில் இது பின்புறம் 148, முன்புறம் 110 மில்லிமீட்டர்.

பராமரிப்பும் பள்ளிச் சோதனையும்

கடலோரப் பாதையில் சென்று வந்தவுடன் நன்னீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். வெறும் துணியால் துடைப்பது போதாது. அது உப்பை இடுக்குகளுக்குள் தள்ளிவிடும். வேகமாகப் பீய்ச்சும் நீரைக் குடத்தின்மீது பாய்ச்சலாகாது. அது ரப்பர் மூடியைக் கடந்து பேரிங்கினுள் புகும்.

கம்பிகளின் முறுக்கை வீணைத் தந்தியைப் போலச் சுண்டிச் சோதிக்கலாம். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பின் சக்கரத்தின் இரு பக்கங்களும் வேறுபட்டு ஒலிப்பது இயல்பே. இழுவிசை பாதியாகக் குறைந்த கம்பியின் ஒலி ஏறத்தாழ அரை ஸ்தாயி தாழ்ந்துவிடும். பயிற்சியற்ற செவியும் இதை உணரும். அவ்வாறு ஒலிக்கும் கம்பியை அன்றே சரிசெய்ய வேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் கீழ்க்கண்ட சோதனையைச் செய்து காட்டலாம். உப்பு நீரில் நனைத்த துணித் துண்டின் ஒரு புறம் அலுமினியத் தாளையும் மறுபுறம் பென்சில் கரியையும் வைத்து, இரண்டையும் வோல்ட் மானியுடன் இணைத்தால் முள் அசையும். மானியை நீக்கிவிட்டு இரண்டையும் ஒன்றோடொன்று தொடும்படி கட்டி, துணி உலராமல் உப்பு நீர் தெளித்துச் சில நாள் வைத்திருந்தால் தாளில் குழிகளும் வெண்ணிறத் தூளும் தோன்றுவதைக் காணலாம். கரி சேர்க்காத மற்றொரு தாளையும் அதே போல் நனைத்து வைத்து ஒப்பிட வேண்டும். கார்பன் வளையத்திலுள்ள அலுமினிய நிப்பிளுக்கு நேரும் கதியை மாணவர்கள் இதிலிருந்து நேரில் உணர்வார்கள்.

மிக இலேசான சக்கரமோ, மிக விலையுயர்ந்த சக்கரமோ எல்லா இடத்திற்கும் சிறந்ததாகிவிடாது. எந்தக் காற்றில், எந்தப் பாதையில், எவர் பழுதுபார்க்கும் நிலையில் அது ஓடப்போகிறது என்பதை முதலில் எண்ணி, அதன் பின்னரே விலையையும் எடையையும் கருதுவது அறிவுடைமையாகும்.