கூலியும் கௌரவமும்

1906-ஆம் ஆண்டில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் ஸ்வதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபொழுது, அதை வீழ்த்த வெள்ளைக் கம்பெனி கையாண்ட ஆயுதம் யாது? கட்டணக் குறைப்புதான். பிரயாணக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, முடிவில் இனாமாகவே ஏற்றிச் செல்வதாகவும், கூடவே ஒரு குடை தருவதாகவும் அது ஆசை காட்டிற்று. விலைப் போரோடு சர்க்காரின் அடக்குமுறையும் சேர்ந்துகொள்ள, 1911-இல் ஸ்வதேசிக் கம்பெனி கலைந்தது. விலைப் போரில் நியாயம் வெல்வதில்லை. பணப்பை பெரிதாயிருப்பவனே வெல்கிறான். ஆகவே, சிறிய முதலுடையவன் அந்தக் களத்தில் இறங்கலாகாது.

இப்பழங்கதையை இன்று நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. கம்பெனி உத்தியோகத்தை விட்டு, சுயேச்சையாக ஒப்பந்தம் பேசி மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நமது வாலிபர்கள், யாரும் வற்புறுத்தாமலே அந்த விலைப் போரில் இறங்கியிருக்கிறார்கள். அந்நிய தேசத்து வாடிக்கைக்காரர் ஒருவர் வேலை இருக்கிறதென்று அறிவித்தால், ஒருவர் கேட்ட கூலியில் பாதிக்கு இன்னொருவர் வருகிறார். அதிலும் பாதிக்கு மூன்றாமவர் வருகிறார். மூவரும் நம்மவர்களே! லாபமோ கடல் கடந்து போகிறது.

இதற்கு மூலகாரணம் கணக்கறியாமை என்றே சொல்வோம். ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கிய ஒருவர், வாரத்துக்கு 40 மணி வீதம் 2,080 மணியால் அதை வகுத்து, மணிக்கு ஏறக்குறைய 480 ரூபாய் போதுமென்று முடிவு செய்கிறார். இது தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளும் கணக்கு. வருஷத்தில் 365 நாட்கள். சனி, ஞாயிறு 104 நாட்களைக் கழித்தால் 261. பண்டிகைக்கும் நோய்நொடிக்கும் 31 நாட்கள் போனால் 230. அதில் மூன்றில் ஒரு பங்கு வேலை தேடுவதிலும், பாக்கி வசூலிப்பதிலும், புதியன கற்பதிலும் கழிந்துவிடும். மிஞ்சுவது சுமார் 150 நாட்கள். நாளொன்றுக்குக் கூலி பெறக்கூடிய நேரம் ஆறு மணியெனில், மொத்தம் 900 மணி. முன்பு எஜமானர் கொடுத்துவந்த சேமநிதி, இன்ஷூரன்ஸ், இயந்திரம், மின்சாரம் ஆகியவற்றுக்கு மூன்றரை லட்சம் வைத்தால், வேண்டியது பதின்மூன்றரை லட்சம். அப்படியானால் மணிக்கு 1,500 ரூபாய்! அதற்குக் குறைவாய் வாங்குகிறவர் தமது முதுமைக் காலத்தை அடகு வைத்து இன்றைய சாதம் உண்கிறார்.

“மும்மடங்கு கேட்டால் யார் கொடுப்பார்?” என்று வினவலாம். நியாயமான வினாவே. எல்லா வேலையும் செய்வேன் என்பவருக்கு எவரும் கொடுக்கமாட்டார். ஒரு தொழிலின் உள்ளும் புறமும் அறிந்தவருக்குக் கொடுப்பார்.

திருப்பூர்ப் பனியன் தொழிலையே எடுத்துக்கொள்வோம். நூல் ஒரு பட்டறையில் துணியாகிறது. வேறொன்றில் சாயம் ஏறுகிறது. பிறகு வெட்டுதல், தைத்தல், சோதித்தல், இஸ்திரி, கட்டுதல் எனப் பல கை மாறுகிறது. துணிக்குக் கணக்கு கிலோவில்; சட்டைக்குக் கணக்கு எண்ணிக்கையில். வழியில் எடை குறைந்துகொண்டே வரும். எந்தப் பட்டறையில் எவ்வளவு குறைந்தது, அது இயல்பான சேதமா அல்லவா என்பதே முதலாளியின் கவலை. இதையறியாத மென்பொருளாளர் அழகிய கணக்குப் புத்தகம் ஒன்றைச் செய்து தருவார். அறிந்தவரோ நஷ்டம் ஒழுகும் துவாரத்தைக் காட்டுவார். முன்னவரிடம் மணிக்கு எவ்வளவு என்று பேரம் பேசுவார்கள். பின்னவரிடம் எப்பொழுது வருவீர்கள் என்று கேட்பார்கள்.

ஒரே தொழிலை நம்புவதில் அபாயமில்லையா? உண்டு. 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபொழுது, அத்தொழிலைச் சார்ந்த யாவரும் தவித்தனர். ஆகையால் ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும். வருமானத்தில் பாதிக்குமேல் ஒரே வாடிக்கைக்காரரிடமிருந்து வரலாகாது. கரூர், ஈரோடு போன்ற அண்டை நகரங்களின் ஜவுளித் தொழிலையும் கற்றுவைக்க வேண்டும். இவ்வளவு முன்னெச்சரிக்கை இருந்தால் அபாயம் பாதியாகும். எல்லாம் அறிந்ததாகச் சொல்லிக்கொள்பவருக்கோ தினந்தோறும் அபாயமே.

ஒரு விஷயத்தை வற்புறுத்த விரும்புகிறோம். கூலியைக் குறைத்துக் கேட்பவர் தமக்கு மட்டும் தீங்கு செய்துகொள்வதில்லை. அடுத்த மேஜையிலிருக்கும் சகோதரரின் கூலியையும் சேர்த்தே குறைக்கிறார். ஆகவே, ஊர்தோறும் இத்தொழிலில் உள்ளோர் கூடி, தத்தம் கணக்கை ஒளிவுமறைவின்றி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளட்டும். தமது உழைப்பின் விலையைத் தாமே அறியாதவர்க்கு அதைப் பிறர் நிர்ணயிப்பர். அரசியலில் அந்த நிலையை ஒழித்த நாம், தொழிலில் அதை ஏன் பொறுக்க வேண்டும்?