மாடலிங் ஆசையா? முன்பணம் கேட்டால் உஷார்!

சென்னை: "உங்க முகம் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு சூப்பரா இருக்கும். போர்ட்போலியோ மட்டும் எடுத்துடுங்க, போதும்." இப்படி வரும் போனை நம்பி நகையை அடகு வைக்கும் பெண்கள் உண்டு.

போர்ட்போலியோ என்றதும் மிரள வேண்டாம். வாய்ப்பு தேட பயன்படும் போட்டோ ஆல்பம்தான் அது. குளோசப், முழு உருவம், சேலை, மாடர்ன் டிரஸ் என சில படங்கள் இருக்கும். முதல் தேர்வுக்கு மேக்கப் இல்லாமல் செல்போனில் எடுத்த படமே பல இடங்களில் போதும். "எங்ககிட்டதான் எடுக்கணும்" என்று அடம்பிடித்தால் அங்கேதான் வில்லங்கம். முறையான ஏஜென்சி, மாடல் வாங்கும் சம்பளத்தில்தான் கமிஷன் எடுக்கும்.

போட்டோ ஷூட்டுக்கு துணையோடு போங்கள். பெண்கள் உடை மாற்றுவதை திருட்டுத்தனமாக படம் எடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவில் முதல் முறையே 1 முதல் 3 ஆண்டு வரை ஜெயில். ஆன்லைனில் பணம் போய்விட்டதா? உடனே 1930-க்கு போன் போடுங்கள். லேட் ஆனால் பணம் கைமாறி விடும்.